முதல் கார்டைத் தேய்த்தவர்

எங்கள் கம்பெனி எர்ணாவூரை விட்டு ஒரகடத்துக்குப் போவது உறுதியானதும், அண்ணாச்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும். கம்பெனி எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று பத்துப் பக்கம்.

"வெளியாள வச்சு எழுதினா வெளம்பரம் மாதிரி இருக்கும். நோட்டீஸ் போர்டுல நீ எழுதுறதப் பாக்கேன்லா, அதே மாதிரி எழுதிரு. ராயபுரம் மாடியில இருந்த ஆளுகள்ல நீயும் நானும்தான மிச்சம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மாடியில் இருந்த ஆட்களில் இன்னொருவரும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் ஏன் கம்பெனியை விட்டுப் போனார் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பதினான்கு வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரரிடம்கூட.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் இப்போது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக வருகிறது. ஓர் இழை முடிந்து இன்னொன்றோடு சேரும் இடத்தில் ஒரு கனெக்டர் வேண்டும். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைப் பீங்கான் குழாய் அது. அதன் நடுவில் இருக்கும் துளையில் இழையை நுழைத்து, பசை வைத்து, சூடு காட்டி இறுக்கி, முனையை நான்கு விதமான தாளில் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்தால் முனை கண்ணாடி போல இருக்கும். இரண்டு பக்கமும் இப்படிக் கனெக்டர் வைத்த கம்பியை நாங்கள் கார்டு என்போம். என் வேலை பார்ப்பது. ஒவ்வொரு முனையையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும், அதன் நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கீறலோ தூசியோ இருந்தால் வெளிச்சம் அங்கே சிதறிவிடும். இருபத்திரண்டு வருடமாக நான் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கியது ராயபுரத்தில். அண்ணாச்சியின் அப்பா அங்கே படகுச் சாமான் மொத்த வியாபாரம் செய்தார். நைலான் கயிறு, மிதவை, பெயின்ட், ஆணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மகன் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கடையில் உட்கார மறுத்தார். 'அப்படியென்றால் மாடியில் ஏதாவது செய்' என்று அப்பா சாவியைக் கொடுத்தாராம். கடைக்கு வருகிற எல்லோரும் அப்பாவை அண்ணாச்சி என்றார்கள். மாடிக்கு வந்த நாங்கள் மகனை அண்ணாச்சி என்றோம். அவருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

தொழில் தெரிந்தவர் இன்னொருவர். காசிமேட்டுக்காரர், படகுக் குடும்பம். ஆனால் கடலுக்குப் போகாமல் டெலிபோன் கேபிள் ஜாயின்ட் போடும் வேலைக்குப் போய், அங்கிருந்து பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, கனெக்டர் தேய்க்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். அதனால் அவரைப் பெங்களூரண்ணன் என்று கூப்பிடுவோம். கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் அவர் வீடு. பெயர் மட்டும் பெங்களூர். நான் ப்ளஸ் டூ முடித்து, இரண்டு வருடம் துணிக்கடையில் நின்றுவிட்டு, நான்காவது ஆளாகச் சேர்ந்தேன். என் கண் நன்றாக இருக்கிறது என்று அவர்தான் சொல்லி எடுத்தார்.

தூசி ஆகாத தொழிலை ராயபுரத்தில் தொடங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கீழே கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மதியத்துக்குள் கறுத்துவிடும். ஜன்னல்களை பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினோம். வாசலில் ஈரச் சாக்கு. லாரி போகும்போது தேய்க்கும் மிஷின் அதிரும். பெங்களூரண்ணன் அதன் காலடியில் படகுக் கடை ரப்பரை வெட்டி வைத்தார். மூன்று மாதம் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ஒரு கார்டு தேறியது. அதைத் தேய்த்தது அவர். ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்து, "பாரு நைனா" என்றார். மறுமுனையை அண்ணாச்சி உள்ளங்கைக்கு நேரே பிடித்தார். உள்ளங்கையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் விழுந்தது. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த கார்டை எடுத்தார்கள்.

ஐந்தாறு வருடத்தில் எர்ணாவூரில் ஷெட் எடுத்தோம். இரட்டைக் கதவு, ஏசி, நீல நிற மேலங்கி எல்லாம் வந்தன. நானும் கல்யாணமாகி, பெண் குழந்தை பெற்று, அதே எர்ணாவூரில் குடியேறியிருந்தேன்.

நான் சொன்ன அந்தக் காரணம் நடந்தது அங்கேதான். அன்று நானூறு கார்டுகள் மாலை வண்டிக்குப் போக வேண்டும். பத்துப் பத்தாக ட்ரேயில் வரும்; பார்த்து முடித்ததும் ட்ரேயின் சீட்டில் என் கையெழுத்து. மூன்று மணி இருக்கும், வாசல் பக்கம் பேச்சு கேட்டது. எங்கிருந்தோ காஸ் கசிகிறது, பள்ளிக்கூடத்துப் பக்கம் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு வருவதும், ஒன்றுமில்லை என்று அடங்குவதும் வழக்கம்தான். ஆனால் என் மகளுக்கு ஐந்து வயது, அந்தப் பள்ளியில்தான் இருந்தாள். நான்கு ட்ரே மிச்சம். முதலாவதில் இரண்டு முனையைப் பார்த்தேன். மூன்றாவது முனையில் கண் நிற்கவில்லை. நான்கு சீட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலங்கியைக் கழற்றிக்கொண்டே ஓடினேன். மகள் வாசல்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாளில் அந்தச் சரக்கு முழுதும் திரும்பி வந்தது. முப்பதுக்கு மேல் கார்டுகளில் கீறல். வாங்கியவர்கள் அடுத்த ஆர்டரையும் நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் அண்ணாச்சியும் பெங்களூரண்ணனும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அண்ணாச்சி கையை மேசையில் வைத்திருந்தார். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். ஒரு வாரம் கழித்து அண்ணன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னைப் பார்த்து, "வரேம்மா" என்றார். மறுநாள் வரவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் இல்லாமலும் கம்பெனி வளர்ந்தது. எனக்கு உறுத்தியதில் அதுவும் ஒன்று. கொரோனாவில் ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து இன்டர்நெட் கேட்டபோது எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நூறு பேருக்கு மேல் ஆனோம். மைக்ராஸ்கோப் போய் டிவி மாதிரி திரை வந்தது.

இதையெல்லாம் நோட்டில் எழுதத் தொடங்கினேன். ராயபுரம் மாடி ஒரே மூச்சில் வந்துவிட்டது. எர்ணாவூர் ஷெட் வந்தது. அடுத்து அந்தச் சரக்கு திரும்பி வந்த வருடம். 'எட்டாம் ஆண்டில்' என்று எழுதினேன், பேனா நின்றுவிட்டது. மறுநாளும் அங்கேயே நின்றது. சமைக்கும்போது எழுந்து போய் நோட்டைத் திறப்பேன், மூடுவேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், "ஏம்மா கூண்டுல அடச்ச மாதிரி சுத்துற?" என்று கேட்டாள். கணக்குப் பார்த்தால் அவள் முறுக்குத் தின்ற அந்த அரைமணி நேரம்தான் காரணம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பெங்களூரண்ணன் திருவொற்றியூரில் ஏதோ லோக்கல் இன்டர்நெட்காரர்களுக்கு ஒயர் ஜாயின்ட் போடுகிறார் என்று எங்கள் டிரைவர் சொன்னார். இரண்டு நாள் காலையில் திருவொற்றியூருக்கு பஸ் ஏறிப் போய்த் தெருத்தெருவாக நடந்து, பிறகு எர்ணாவூர் திரும்பி, வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கம்பத்தின் கீழே பெரிய குடை தெரிந்தது. குடைக்குள் மடக்கு ஸ்டூலில் அவர். மடியில் டிபன் பெட்டி அளவுக்கு ஜாயின்ட் போடும் மிஷின். தலை நரைத்திருந்தது. கை அப்படியே இருந்தது.

"இன்னாமா, இந்தப் பக்கம்?" என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல.

"உங்களப் பாக்கத்தான்ணா வந்தேன்."

"இரு. ரெண்டு இழை கீது. முடிச்சுட்றேன்."

ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். அவர் முடிப்பதற்குள் நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். புத்தகத்தை, எட்டாம் ஆண்டை, காஸ் பேச்சை, நான்கு ட்ரேயை, நான்கு கையெழுத்தை. அவர் இழையைத் துடைத்தபடி கேட்டார். மிஷின் மூடியைச் சாத்தினார். அதன் சின்னத் திரையில் ஒரு கணம் பொறி தெரிந்தது.

"தெரியும்" என்றார்.

"இன்னாண்ணா தெரியும்?"

"திரும்பி வந்த டப்பாவப் பிரிச்சது நான். கீறல் இருந்ததெல்லாம் கடைசி நாலு ட்ரே. சீட்டுல உன் கையெழுத்து கீது. நீ மூணு மணிக்கு ஓடுனதையும் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? உன்ன அனுப்பிட்டு வேற பொண்ண ஒக்கார வெப்பாரு. கீறல் போட்டது நீயா? தேய்க்கிற தாளு தீந்துபோச்சு, வர வரிக்கும் பழசுலயே ஓட்டுன்னாரு. நானும் ஓட்டுனேன். தேய்ச்சது நாங்க. நீ பாக்காம உட்ட. அவ்ளோதான்."

"என்னாலதான நீங்க போனீங்க?"

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் மாதிரிதான் இருந்தது.

"பதினாலு வருசமா அப்டியா நெனச்சுகினு கீற? நல்லா கீதே. என் பேஜார நீ தூக்கிகினு திரியிறியா?" என்றார். "மாடியில இருந்தப்பவே பங்கு தரேன்னு வாயால சொல்லியிருந்தாரு. எட்டு வருசம் கேக்கல. அன்னிக்குக் கேட்டேன். இந்த நேரத்துலயா கேக்கறதுன்னாரு. எந்த நேரத்துல கேக்கணும்னு ஒரு வாரம் யோசிச்சேன். நேரமே வராதுன்னு தெரிஞ்சுது. வந்துட்டேன். உன் ட்ரேவுக்கும் அதுக்கும் ஒண்ணும் கெடையாது."

பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இத்தனை வருடம் என் குற்றம் என்று வைத்திருந்ததை அவர் வாங்கிப் பார்த்து, இது உன்னுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"புக்குல உங்கள பத்தி எழுதட்டாண்ணா?"

"பேரெல்லாம் வேணாம். மொதோ கார்டு யாரு தேய்ச்சதுன்னு மட்டும் சரியா எழுது" என்று அடுத்த இழையை எடுத்தார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே நோட்டை மடியில் வைத்து எட்டாம் ஆண்டை எழுதினேன். பார்க்காமல் அனுப்பிய நான்கு ட்ரேயையும் எழுதினேன், அதில் போட்டது என் கையெழுத்து என்றும் எழுதினேன். முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, 'முதல் கார்டைத் தேய்த்தவர் காசிமேட்டைச் சேர்ந்தவர், அண்ணாச்சியின் கூட்டாளி' என்று திருத்தினேன்.

அண்ணாச்சி நோட்டை வாங்கி என் எதிரிலேயே படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எட்டாம் ஆண்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ட்ரே விசயம் வேண்டாம்மா. கஸ்டமர் படிப்பாங்க."

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி, அது நான்னு?"

"அவன் போனப்புறம் சீட்டப் பாத்தேன். பிள்ளையப் பாக்க ஓடினவள என்னன்னு கேக்க?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பழைய தாள்ல ஓட்டச் சொன்னது நான்லா" என்றார்.

ஆக, மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் வாயைக் கட்டிக்கொண்டு பதினான்கு வருடத்தை ஓட்டியிருக்கிறோம். ட்ரே விஷயத்தை எடுக்கச் சம்மதித்தேன். ஆனால் அவர் பேனாவை எடுத்து முதல் பக்கத்துக்குப் போய், 'கூட்டாளி' என்பதை அடித்து, 'மூத்த ஊழியர்' என்று எழுதினார்.

"அவரு ஊழியர் இல்ல அண்ணாச்சி."

"அச்சுல கூட்டாளின்னு போட்டா நாளைக்கு வக்கீல் நோட்டீசு வரும்மா. ஒரகடத்துக்கு பேங்க்காரன் காகிதம் பாக்கான்."

"அவரு அனுப்புற ஆளா?"

"அவன் மாட்டான். அவன் பிள்ளைக?"

நோட்டை அவரிடம் விட்டுவர மனம் வரவில்லை. மேசையிலிருந்து அதை எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சியிடம் நான் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

"ஊழியர்னு போடுறதா இருந்தா வேற யாரையாச்சும் வச்சு எழுதிக்குங்க. நான் எழுதுனதா வேணாம்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரகடத்துக்கு என்னைக் கூட்டிப்போவாரா என்றே சந்தேகம் வந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, காஸ் பேச்சு முதல் நோட்டைப் பிடுங்கியது வரை சொன்னேன். முறுக்குத் தின்றது தனக்கு நினைவே இல்லை என்றாள். பிறகு, "கூட்டாளின்னும் வேணாம், ஊழியர்னும் வேணாம். தொடங்கினவங்கள்ல ஒருத்தர்னு போட்டா இன்னா? அது உண்மைதான?" என்றாள்.

மறுநாள் காலை அதை ஒரு காகிதத்தில் எழுதி அண்ணாச்சி மேசையில் வைத்தேன். ஒரு நாள் கழிந்தது, இரண்டு நாள் கழிந்தது. திரையில் புள்ளியைப் பார்க்கிறேன், கண் கதவுக்கே போகிறது. மூன்றாம் நாள் மதியம் அவரே என் மேசைக்கு வந்தார். காகிதத்தில், 'நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்' என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா கீறாரு. தேரடியாண்ட ஒயர் வேல."

"கண்ணு நல்லாருக்கா? அந்த வேலைக்குக் கண்ணு வேணும்."

"கண்ணாடி போட்டிருக்காரு."

தலையாட்டினார். அண்ணனின் போன் நம்பர் கேட்டு எழுதிக்கொண்டு, அச்சுக்குக் கொடுக்க நோட்டையும் வாங்கிப் போனார். அவர் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. திறப்பு விழாவில் பெங்களூரண்ணனைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டே நின்றதில் குத்துவிளக்கு ஏற்றியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போனேன். அன்றைக்கு வேறு தெரு, அதே குடை. அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். என் டீ ஆறிப்போனது. அந்த வரி வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் மறுபடி நின்றது.

"இது தப்பு."

"எதுண்ணா?" என்றேன்.

"மொதோ மிஷின் லாரில வந்துச்சுன்னு போட்டுகீற."

"அண்ணாச்சிதான் சொன்னாரு. நான் அப்ப சேரலியே."

"அவரு கடைலகூட இல்ல அன்னிக்கு. லாரி ஆபீசுலேருந்து மீன்பாடி வண்டில வச்சு, நானும் என் தோஸ்தும் மிதிச்சுகினு வந்தோம். அடில தெர்மாகோல், மேல ஈரத் துணி. வழியெல்லாம் மீன் கவுச்சி. மாடிப்படி ஏத்துறதுக்குள்ள உயிரு போயிடுச்சு. லாரியாம், லாரி."

"அச்சடிச்சு முடிஞ்சுதேண்ணா. ஐந்நூறு புக்கு."

"பேனா கீதா?"

கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நீயே திருத்து. நீ எழுதுனதுதான?"

'லாரியில்' என்பதை அடித்து, மேலே 'மீன்பாடி வண்டியில்' என்று எழுதினேன். பெஞ்ச் ஆடியதில் எழுத்து கோணியது. அவர் வாங்கிப் பார்த்து, சரிதான் என்பது போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலை கிடக்கிறது என்று குடைக்குப் போனார்.

நான் பஸ்ஸில் ஏறி எர்ணாவூர் வருவதற்குள், மீதிப் புத்தகங்கள் யார் யார் கைக்குப் போயிருக்கும் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். திங்கட்கிழமை ஒரகடம் போனதும் ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்த கட்டைப் பிரித்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து திருத்துகிறேன். இதுவரை அறுபது ஆகியிருக்கிறது.